நாலேகால் அடி

இரவு இரண்டு பத்து. திருவாரூர் ஆஸ்பத்திரி.
ஆய்வகத்தில் நானும், குளிர்பெட்டியின் முனகலும்.
லேபிளில்: இடும்பையன், ஐம்பத்திமூன்று, ஆண்.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ
லஸ்கர் என்று எழுதி, அடித்து,
மறுபடி லஸ்கர் என்றே எழுதியிருக்கிறார்கள்.

கடைமடை ரெகுலேட்டரில்
ஷட்டர் இடுக்கில் அடைந்த ஆகாயத்தாமரையை இழுக்க இறங்கி
சிப்பி கீறியதாம் கணுக்காலில்.
வேப்பெண்ணெய் தடவியிருக்கிறார். நாலு நாள்.

சீழைக் கண்ணாடியில் தீற்றி,
சாயமேற்றி, கழுவிப் பார்த்தேன்.
மழை விட்ட காலையில் மரத்தடியில்
நாவற்பழம் உதிர்ந்து கிடக்குமே, அப்படி,
ஊதா ஊதாவாய், குவியல் குவியலாய்.

இவை உமிழ்வதுதான் விஷயம்.
என் கருவிக்கும் எட்டாத துணுக்குகள்;
ஒன்றிரண்டு வந்தால் ஒன்றுமில்லை.
ஏழு சேர்ந்து வட்டங்கட்டி நின்றால்
செல்லின் சவ்வில் ஒரு துளை.
கரைக்கு நண்டுவளை போதும்.

காவலிருக்கும் வெள்ளணு
வந்தவன் முகத்தைப் பார்ப்பதில்லை.
அதற்குத் தெரிவதெல்லாம்
உள்ளே பொட்டாசியம் குறைகிறது என்பது.
கசிகிறது.
நம் உப்பு நம்மை விட்டுப் போகிறது.
அவ்வளவுதான் தகவல்.
அதற்கே, சிதறிக் கிடந்த புரதங்கள்
ஆரம் ஆரமாய் வந்து சக்கரமாய்ப் பொருந்தும்.
சக்கரம் ஒரு கத்தியை விழிக்கவைக்கும்.
கத்தி, கட்டிவைத்த சேதியை அறுத்துவிடும்.
பிறகு தன் சுவரைத் தானே குத்திக்கொண்டு
அந்த அணு வெடிக்கும்.
சேதி வெளியே போக வேறு கதவு திறக்க நேரமில்லை.

காய்ச்சல் என்று நாம் சொல்வது
அது மூளைக்குப் போய்ச் சேர்ந்ததை.

ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனபோது
நூற்றிமூன்று டிகிரியில் இடும்பையன்
போனில் பேசிக்கொண்டிருந்தார்.
கையில் போன் இல்லை.
"நாலேகால் அடி நிக்குது சார்.
கடல் பக்கம் ஏறுது. கீழ ஒழுவுது.
எறக்கவா, தூக்கவா, சொல்லுங்க சார்."

அமிர்தவல்லி, மனைவி, என் கையைப் பிடித்தாள்.
"நீங்களாச்சும் ஒரு பதில் சொல்லிடுங்க.
சாயங்காலத்துலேர்ந்து இதையேதான் கேக்குது."
எறக்குங்க, என்றேன்.
சரியா தப்பா, தெரியாது.
ஊசி குத்தாத கையை உயர்த்தி
இல்லாத சாவியை மூன்று சுற்று சுற்றினார்.

மறுபடி கண்ணாடித் தகடு.
மஜ்ஜை, முற்றாத நாற்றைப் பறித்து அனுப்பியிருக்கிறது:
உட்கரு இன்னும் கணு விடாத,
லாடம்போல் வளைந்த இளசுகள்.
உடம்புக்குள் கருநீலத் துகள், குமிழ்.
எண்ணினேன். நூற்றுக்கு முப்பத்தொன்று.

இந்த இடத்தில்தான் எப்போதும்
யார் பக்கம் நிற்பதென்று எனக்குக் குழம்பும்.
கசிவைவிடக் கூக்குரல் பெரிதாகி
ஊருக்கு ஊர் எல்லா ஷட்டரும் ஒரே நேரம் திறந்தால்
குழாய்கள் தளரும், அழுத்தம் இறங்கும்,
சிறுநீரகம் என்கிற கடைசி வாய்க்காலுக்கு
முறைத்தண்ணீர் எட்டாது.
கொளுத்தியவன் வேறு. எரிவது நம் வைக்கோல்.
கடைமடை எப்படிக் காயும் என்று
இவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
ஆனால் விளக்கினாலும் இப்போது கேட்கமாட்டார்.

எண்களை டியூட்டி டாக்டருக்குச் சொன்னேன்.
மருந்து மாற்றினார்கள். இன்னொரு பாட்டில் ஏற்றினார்கள்.
நான் கை கழுவினேன், இரண்டு முறை.

ஐந்தே முக்காலுக்கு வார்டிலிருந்து நர்ஸ் பேசினாள்.
இடும்பையன் பேச்சை நிறுத்திவிட்டாராம்.
தூக்கமா, என்றேன்.
பார்க்கணும், என்றாள்.
அமிர்தவல்லி மட்டும் கட்டிலுக்குக் கீழே குந்தி
சிறுநீர்ப் பையின் கோடுகளுக்கு நேரே
கண்ணை வைத்திருக்கிறாளாம்,
தண்ணீர் மட்டம் பார்க்கிற மாதிரி.

இருபதா, இருபத்தைந்தா என்று
போவோர் வருவோரையெல்லாம் கேட்கிறாளாம்.